உட்கருவின் உட்சுவர்: ஒரு குடும்பத்தின் நோய் கற்பித்த பாடம்

உயிரணுவை வரையச் சொன்னால் மாணவர்கள் ஒரு பெரிய வட்டம் இடுவர். அதனுள் ஒரு சிறிய வட்டம் இட்டு ‘உட்கரு’ என்று எழுதுவர். அச்சிறிய வட்டத்தின் கோட்டைப் பற்றி எவரும் வினவுவதில்லை. பாடநூலும் ‘உட்கருச் சவ்வு’ என்னும் பெயரைச் சொல்லிக் கடந்துவிடுகிறது. ஆயினும் அக்கோட்டை அறிந்துகொள்ள அறிவியலுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வறிவின் பெரும்பகுதியை நமக்கு ஈட்டித் தந்தவர்கள் நோயுற்ற பிள்ளைகளும் அவர்தம் குடும்பத்தாருமே ஆவர்.

1831ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன், ஆர்க்கிட் செடிகளின் உயிரணுக்களில் தாம் கண்ட உருண்டைப் பகுதிக்கு ‘நியூக்ளியஸ்’ என்று பெயரிட்டார். அதன்பின் நெடுங்காலம், உட்கருவின் விளிம்பைக் காண முடிந்ததேயன்றி அவ்விளிம்பின் அமைப்பைக் காண இயலவில்லை. 1950இல் காலன், டாம்லின் என்னும் இருவர், நீர்நில வாழ்வனவற்றின் முட்டை உயிரணுக்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். உட்கருவின் உறை ஈரடுக்காக அமைந்தது என்பதும் அதில் துளைகள் உண்டு என்பதும் அப்போது புலனாயின.

1970களில் நியூயார்க்கிலுள்ள ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் குந்தர் புளோபெல் குழுவினர், எலியின் கல்லீரலிலிருந்து உட்கருக்களைப் பிரித்தெடுத்து, சவ்வுகளைக் கரைத்து நீக்கினர். உட்சவ்வை ஒட்டிப் பாய்போல் விரிந்திருந்த ஒரு புரத வலை எஞ்சியது. அதன் முதன்மைப் புரதங்கள் லாமின் ஏ, லாமின் பி, லாமின் சி எனப் பெயர் பெற்றன. உயிரணு பிரியும்போது இவ்வலை கலைந்து, பின்னர் மீண்டும் கூடுகிறது என்பதை 1980இல் ஜெரேசும் புளோபெலும் விளக்கினர். லாமினைப் பற்றிக்கொள்ளும் உட்சவ்வுப் புரதம் ஒன்று 1988இல் கண்டறியப்பட்டது. இப்புரதங்களுக்கும் மனித நோய்களுக்கும் தொடர்பு உண்டு என்று அந்நாளில் எவரும் அறிந்திலர்.

இனி, ஆய்வுக்கூடத்தை விட்டு மருத்துவரின் அறைக்குச் செல்வோம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு குடும்பத்தின் ஆண்கள் பலர் தசை நலிவால் துன்புற்றனர். தாயின் வழியாக ஆண்மக்களுக்கு வந்த இந்நோயை ஃபிரிட்ஸ் டிரைஃபஸ் 1961இல் பதிவு செய்தார். பார்வைக்கு இது அனைவரும் அறிந்த டூஷேன் தசைச்சிதைவு நோயைப் போலிருந்தது. ஆனால், டூஷேன் நோயுற்ற சிறுவர்கள் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் நடக்கும் ஆற்றலை இழப்பர். இக்குடும்பத்து ஆண்களோ வளர்ந்த பின்னும் நடந்தனர். அவர்களுடைய முழங்கைகள் இளமையிலேயே மடங்கி இறுகின; குதிகால் தசைநாணும் இறுகியது; இதயமும் பாதிக்கப்பட்டது. இவ்வேறுபாடுகளைக் கூர்ந்து நோக்கிய ஆலன் எமரியும் டிரைஃபசும், இது தனியொரு நோய் என 1966இல் எழுதினர். இன்று அது எமரி-டிரைஃபஸ் தசைச்சிதைவு எனப்படுகிறது.

அக்கட்டுரையின் தலைப்பில் இந்நோய் ‘கடுமை குறைந்தது’ என்னும் பொருள்படக் குறிக்கப்பட்டிருந்தது. தசையை மட்டும் நோக்கினால் அது பொருத்தமே. ஆயின் இதயத் துடிப்பைச் செலுத்தும் மின்னோட்டம் தடைப்படுவதால், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவர் திடீரென மாண்டுபோகக்கூடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதற்குக் காரணமான மரபணுவை 1994இல் இத்தாலியில் டானியேலா டோனியோலோ குழுவினர் கண்டறிந்தனர். அது உருவாக்கும் புரதத்திற்கு எமரியின் நினைவாக ‘எமரின்’ என்று பெயர் சூட்டினர். டூஷேன் நோய்க்குரிய புரதம் தசை உயிரணுவின் வெளிச்சவ்வை ஒட்டி இருப்பது முன்பே தெரிந்திருந்தது. எமரினும் அங்கேதான் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பே காத்திருந்தது. 1996இல் ஜப்பானிலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள், எமரின் உட்கருவின் சவ்வில் இருப்பதைக் காட்டின. 1999இல் கிசேல் போன் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், இதே நோயின் மற்றொரு வகைக்கு லாமின் ஏ, சி ஆகியவற்றின் மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என நிறுவினர். ஆய்வுக்கூடத்து வலையும் வர்ஜீனியக் குடும்பத்தின் துயரும் இவ்வாறு ஓரிடத்தில் சந்தித்தன.

2003இல் மேலும் ஒரு செய்தி வந்தது. குழந்தைப் பருவத்திலேயே முதுமைத் தோற்றம் தரும் புரோஜீரியா என்னும் அரிய நோயும் அதே லாமின் மரபணுவின் ஓர் எழுத்து மாறுவதால் வருகிறது என்று அமெரிக்க, பிரெஞ்சுக் குழுவினர் அறிவித்தனர். அம்மாற்றத்தால் ‘புரோஜெரின்’ என்னும் பிழைபட்ட புரதம் உண்டாகி உட்சவ்வில் ஒட்டிக்கொள்ள, உட்கரு தன் வடிவம் இழக்கிறது. புரோஜீரியா நோயுற்ற சாம் பெர்ன்ஸ் என்னும் சிறுவனின் பெற்றோரான மருத்துவர்கள் லெஸ்லி கார்டனும் ஸ்காட் பெர்ன்சும் 1999இல் இதற்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தனர். சாம் 2014இல் தம் 17ஆம் வயதில் மறைந்தார். ஆயுளை நீட்டிக்கும் லோனஃபார்னிப் என்னும் மருந்துக்கு 2020 நவம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. நோயை அது முற்றாக நீக்குவதில்லை. எனினும் அந்நோய்க்கென ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. முழங்கையை முழுதும் நீட்ட இயலாத பிள்ளை, குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கும் பிள்ளை, கழுத்தைக் குனிய இயலாத பிள்ளை நம் வகுப்பிலும் இருக்கலாம். உடற்கல்வி நேரத்தில் அப்பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது எளிது. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம்; பெரும்பாலும் அவை இந்த அரிய நோயாக இரா. ஆயினும் கண்டதைப் பெற்றோரிடம் சொல்வதும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தூண்டுவதும் நம் கடமை. குடும்பத்தில் இந்நோய் உறுதிசெய்யப்பட்டிருப்பின், தசை வலுவாக இருப்பவர்க்கும், நோயைச் சுமந்து செல்லும் பெண்களுக்கும் இதயப் பரிசோதனை தேவை. உரிய காலத்தில் பொருத்தப்படும் இதயத் துடிப்புக் கருவி உயிரைக் காக்கும்.

எமரியும் டிரைஃபசும் 1966இல் மரபணுவையும் கண்டிலர், எமரினையும் கண்டிலர். ஒரு பிள்ளையின் கை ஏன் நீளவில்லை என்று பொறுமையாகப் பார்த்தனர். அவ்வளவே. அப்பார்வை வகுப்பறையில் நிற்கும் நமக்கும் வேண்டும்.