கோஷியின் மூன்றாம் குறிப்பும் தொடர்ச்சி வரையறையின் பிறப்பும்

கணிதவியலர் போல்சானோ 1817இல் பிராகாவில் வெளியிட்ட சிறுநூலுக்கும், பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்களுக்காகக் கோஷி 1821இல் அச்சிட்ட 'கூர் தனாலீஸ்' பாடநூலுக்கும் உள்ள ஒற்றுமை கணித வரலாற்றில் பழகிய செய்தி. இருவரும் தொடர்ச்சியை வரைபடத்தின் தோற்றத்திலிருந்து பிரித்து, சார்பின் மதிப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டில் நிறுத்தினர். தொடர் ஒருங்குவதற்கு இருவரும் வைத்த நிபந்தனையும் ஒன்றே. இந்த ஒற்றுமையிலிருந்து கணித வரலாற்றாசிரியர் ஐவர் கிராட்டன்-கின்னஸ் 1970இல் பெரிய முடிவுக்கு வந்தார்: கோஷி போல்சானோவைப் படித்தார், எடுத்தாண்டார், பெயரை மறைத்தார்.

மறு ஆண்டே ஹான்ஸ் ஃப்ராய்டென்டால் இதை மறுத்தார். அந்த விவாதம் முழுவதையும் இங்கே விரிக்கவில்லை. கிராட்டன்-கின்னஸின் வாதம் மூன்று கால்களில் நிற்கிறது: கருத்தொற்றுமை, கோஷியின் முந்தைய எழுத்துகளில் இவற்றுக்கு முன்னோட்டம் இல்லை என்ற கூற்று, பாரிஸ் கணித உலகின் போட்டியும் கோஷியின் சுபாவமும். மூன்றாவதை ஒதுக்கிவிடலாம். சுபாவம் சான்றாகாது, கெட்ட பெயர் எடுத்தவர்மேல் எந்தப் பழியும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் காலைச் சோதிக்க இடைநிலை மதிப்புத் தேற்றமே தக்க இடம். கோஷியின் நூலில் இத்தேற்றத்துக்கு இரண்டு நிரூபணங்கள் உள்ளன. இரண்டாம் அத்தியாயத்தில் வருவது வடிவியல் சார்ந்தது: தொடர்ச்சியான வளைகோடு தன் இரு முனைகளுக்கும் நடுவே செல்லும் கிடைக்கோட்டை வெட்டியே தீரும் என்று சொல்லி முடித்துவிடுகிறார். நூலின் பின்னிணைப்பாக அமைந்த மூன்றாம் குறிப்பில்தான் மற்றது வருகிறது. சார்பு எதிரெதிர்க் குறிகள் பெறும் இரு முனைகளுக்கு இடைப்பட்ட நீளத்தைச் சமபாகங்களாகப் பிரிக்கிறார். அடுத்தடுத்த ஏதோ இரு புள்ளிகளில் குறி மாறியாக வேண்டும். அந்தத் துண்டை மீண்டும் அதே எண்ணிக்கையில் பிரிக்கிறார். கீழ்முனைகள் ஏறுகின்றன, மேல்முனைகள் இறங்குகின்றன, இடைவெளி சுருங்குகிறது. இரு வரிசைகளும் ஒரே எல்லையை அடைகின்றன, அதுவே மூலம்.

இந்தக் குறிப்பின் தலைப்பையே பலர் கவனிப்பதில்லை. அது சமன்பாடுகளின் எண்வழித் தீர்வு பற்றியது. அதாவது இந்த நிரூபணம் லக்ராஞ்சு 1798இல் எழுதிய எண்வழிச் சமன்பாட்டு நூலின் வழியில் வருகிறது. கோஷியின் கருவிகள் தோராயக் கணக்கீட்டிலிருந்து வந்தவை என்று கணித வரலாற்றாசிரியர் ஜூடித் கிராபினர் காட்டியதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

போல்சானோவின் முன்னுரையோ, வடிவியலை வைத்து இத்தேற்றத்தை நிறுவுவதைத்தான் கண்டிக்கிறது. அதைப் படித்து எடுத்தாண்ட ஒருவர், கண்டிக்கப்பட்ட அதே நிரூபணத்தை நூலின் நடுவில் வைத்து, நல்லதைப் பின்னிணைப்புக்குத் தள்ளுவாரா? தொடக்கநிலை மாணவருக்கு வளைகோடே எளிது என்பதால் அப்படிச் செய்தார் என்று பதில் வரலாம். வரட்டும். ஆனால் ஒருங்கு நிபந்தனை போதுமானது என்பதை நிறுவப் போல்சானோ முயன்றார், முயற்சி குறையுள்ளது என்றாலும். கோஷி அதை நிரூபணமின்றி அப்படியே கூறிச் செல்கிறார். ஒரு பண்பு எதுவரை பொருந்தும் என்பதற்கு ஒரு மீப்பெரு மதிப்பு உண்டு என்ற போல்சானோவின் துணைத்தேற்றம் கோஷியிடம் இல்லவே இல்லை. திருடியவர் வீட்டின் அருமையான பொருளை விட்டுப்போனார் என்றாகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் துணைத்தேற்றத்தை நிறுவும்போது போல்சானோவும் இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டுகிறார். இந்த ஒற்றுமையை என் வாதம் முழுதாகக் கரைத்துவிடவில்லை.

வரையறைக்கு வருவோம். போல்சானோ, வேறுபாட்டைக் கொடுத்த எந்த அளவுக்கும் கீழே கொண்டுவர முடியும் என்கிறார். கோஷி 1821இல் இரு வடிவங்கள் தருகிறார்: மாறியின் கூட்டலோடு வேறுபாடும் வரம்பின்றிக் குறைகிறது என்பது ஒன்று; முடிவிலாச் சிறு கூட்டல் முடிவிலாச் சிறு மாற்றத்தையே தரும் என்பது மற்றொன்று. அவர் 1823இல் வெளியிட்ட பாடச் சுருக்கத்தில் முதல் வடிவம் மறைகிறது; முடிவிலாச் சிறியதே நிற்கிறது. அதே நூலின் ஏழாம் பாடத்தில் எப்சிலானும் டெல்டாவும் வருகின்றன, ஆனால் தொடர்ச்சியின் வரையறைக்காக அல்ல. போல்சானோவிடம் கற்றவர் இரண்டே ஆண்டுகளில் அவரிடமிருந்து விலகிப் போனார் என்பது நம்பத் தக்கதாக இல்லை.

இரண்டாம் கால்தான் சிக்கலானது. கோஷி 1814இல் அளித்த வரையறுத்த தொகையீட்டு ஆய்வுரையில், சார்பு ஒரு மதிப்பிலிருந்து மற்றொன்றுக்குத் திடீரெனத் தாவும் இடம் பேசப்படுகிறது. தாவலின் அளவு மிகச் சிறு கூட்டலைக் கொண்டு அளக்கப்படுகிறது. தொடர்ச்சி பற்றிய சிந்தனை 1817க்கு முன்பே அவரிடம் இருந்தது என்பதற்கு இது சான்று. ஆயினும் அந்த ஆய்வுரை அச்சேறியது 1827இல்தான், பின்னாளில் சேர்த்த அடிக்குறிப்புகளோடு. அச்சில் உள்ள ஒவ்வொரு வரியும் 1814க்கு உரியது என்று நான் வலியுறுத்தமாட்டேன். தாவலைப் பற்றிய பகுதி மூலப்பாடத்தின் கணக்கோடு பிணைந்திருப்பதால் அது பழையது என்றே கருதுகிறேன். இது கருத்து மட்டுமே.

கோஷி நாடுகடந்து பிராகாவில் வாழ்ந்தபோது, 1834இல், இருவரும் சந்தித்தனர். அது 1821ஆம் ஆண்டு நூலைப் பற்றி எதையும் நிறுவாது. போல்சானோ முந்தியவர் என்பதில் ஐயமில்லை. கோஷி அவரிடம் கடன்பட்டார் என்பது இன்றுவரை நிரூபணமாகாத குற்றச்சாட்டு. நிரூபிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவருடையது.