பிளம்ஸ் பழமும் பிறர் நிலமும்

யாழ்ப்பாணத்துக் கடைகளில் பிளம்ஸ் என்று கேட்டால் சரையில் சுற்றித் தருவது முந்திரிகை வற்றல். பாயாசத்துக்குக் கயூவோடு சேர்த்துப் போடும் அதை நாங்கள் பிளம்ஸ் என்றே சொல்லி வளர்ந்தோம். இதில் எங்கள் அறியாமை ஒன்றுமில்லை; ஆங்கிலேயரும் தங்கள் நத்தார் பிளம் புடிங்கில் முந்திரிகை வற்றலைத்தான் போடுகிறார்கள். உண்மையான பிளம்ஸ் மரத்தை எங்களில் பலர் கண்டது புலம்பெயர்ந்த பிறகுதான். அதுவும் கலிபோர்னியாவில், அந்த மரங்களை வெட்டி எழுப்பிய வீடுகளுக்குக் குடிவந்த பிறகு.

இன்று சிலிக்கன் பள்ளத்தாக்கு எனப்படும் சான்டா கிளாரா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலர்ந்த பிளம்ஸுக்குப் பெயர்பெற்றது. தங்கம் தேடி வந்த பிரெஞ்சுக்காரர் லூயி பெலியே சான் ஹோசேயில் நாற்றுப்பண்ணை வைத்தார். அவரது தம்பி பியேர் 1856இல் பிரான்சின் அஜான் பகுதியிலிருந்து ஒட்டுக்கொப்புகளைக் கொண்டுவந்தார். கடற்பயணத்தில் வாடாதிருக்க அவற்றை உருளைக்கிழங்கில் குத்திவைத்தார் என்பது அங்கு வழங்கும் கதை. வடக்கே சான்டா ரோசாவில் லூதர் பேர்பாங்க் 1885இல் யப்பானிலிருந்து கன்றுகளை வருவித்துக் கலப்பினங்களை உண்டாக்கினார். 1906இல் அவர் வெளியிட்ட சான்டா ரோசா ரகம் கோடையில் பச்சையாகத் தின்ன இன்றும் அருமையானது. வரலாறு எழுதுவோர் பெலியேயையும் பேர்பாங்கையும் மறப்பதில்லை. பழம் பொறுக்கியவர்களுக்குத்தான் பெயரில்லை.

அக்காலத்தில் அஜான் பிளம்ஸை மரத்திலிருந்து பறிக்கவில்லை. நன்கு பழுத்துத் தானாக விழ விட்டார்கள். அப்போதுதான் வெயிலில் புளிக்காமல் காயும். ஆகவே ஓகஸ்ட், செப்டெம்பர் வெயிலில் முழங்காலில் தவழ்ந்து நிலத்திலிருந்து பொறுக்கினார்கள், குழந்தைகள் உட்பட. பின்னர் காரம் கலந்த வெந்நீரில் தோய்த்துத் தோலை வெடிக்கவைத்து மரத்தட்டுகளில் பரப்பிக் காயவிட்டார்கள். மூன்று இறாத்தல் பழம் காய்ந்தால் ஒரு இறாத்தல் கிடைக்கும்.

பொறுக்கியவர்களில் சீனர், யப்பானியர், இத்தாலியர், மெக்சிக்கர் எல்லோரும் உண்டு. இத்தாலியருக்குக் காலப்போக்கில் தோட்டங்கள் சொந்தமாயின. ஆசியருக்கு அது முடியவில்லை, சட்டம் விடவில்லை. 1913இல் வந்த அந்நியர் நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்றவர் நிலம் வாங்கக்கூடாது என்றது. 1920இல் குத்தகையும் மறுக்கப்பட்டது. 1923இல் பகத் சிங் தின்ட் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், பஞ்சாபிக் கமக்காரர்களும் இதே வலைக்குள் விழுந்தார்கள். சான் ஹோசேயில் பெக்கம் என்ற வழக்கறிஞர் யப்பானியருக்காகத் தன் பெயரில் நிலம் வைத்திருந்து, அங்கு பிறந்த பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் எழுதிக்கொடுத்தார். அப்படி ஒருவர் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

பிறகு 1942 பெப்ரவரி 19 கட்டளை. ஏறத்தாழ 120,000 யப்பானியர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். சான்டா கிளாராவிலிருந்து போனவர்களிற் பெரும்பாலோர் வயோமிங்கின் ஹார்ட் மவுன்டன் முகாமில் அடைபட்டார்கள். பழம் கனியும் காலத்துக்கு முன்னரே, மே மாதத்தில், கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். இதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களின் கைகளில் இருந்ததும் அவ்வளவுதான். சான் ஹோசேயில் பிறந்து பத்து வயதில் முகாமுக்குப் போன நோர்மன் மினேட்டா, 1971இல் அதே நகரின் மேயரானார். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டொலர் கொடுக்கவைத்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர்.

பழத்தின் நன்மையையும் சொல்லிவிடுவோம். மலச்சிக்கலுக்கு உலர்ந்த பிளம்ஸ் நல்லதென்பது பாட்டி வைத்தியம் மட்டுமல்ல. நூறு கிராமில் ஏழு கிராமளவு நார்ப்பொருளும், குடலுக்குள் நீரை இழுக்கும் சோர்பிட்டோலும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்கள் நாளுக்கு 50 கிராம், அதாவது ஐந்தாறு பழம், ஓராண்டு தின்றபோது இடுப்பெலும்பின் அடர்த்தி குறையாமல் நின்றது என்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2022இல் காட்டியது. நீரிழிவுக்காரர் அளவு பார்த்துத் தின்னவேண்டும், இனிப்பு அதிகம். இந்த மலச்சிக்கற் பெயரைக் கழுவ வியாபாரிகள் 2000ஆம் ஆண்டில் 'உலர்ந்த பிளம்ஸ்' என்று பெயர்மாற்ற அனுமதி வாங்கினார்கள். பின்னர் பழைய பெயருக்கே திரும்பியும்விட்டார்கள்!

போருக்குப் பின் வீடுகளும் தொழிற்சாலைகளும் தோட்டங்களை விழுங்கின. சரட்டோகாவில் நகரசபை காப்பாற்றிவரும் சிறு தோட்டமொன்றில் பழைய மரங்களைப் பார்க்கலாம். பிளம்ஸ் தொழில் வடக்கே சக்கரமென்டோ பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. 1946இல் இந்தியருக்குக் குடியுரிமை கிடைத்தது. 1952இல் நிலச் சட்டத்தைக் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. இன்று யூபா சிற்றியைச் சுற்றியுள்ள பிளம்ஸ் தோட்டங்களிற் பல பஞ்சாபியருக்குச் சொந்தம்.