உடைந்த சுங்கான் சொல்லும் காலம்

லண்டன் நகரின் நடுவே ஓடும் தேம்ஸ் நதியில் ஓதம் வடியும் வேளையில், கரைச்சேற்றில் வெள்ளை வெள்ளையாகச் சில துண்டுகள் தலைகாட்டும். விரல் நீளம்தான் இருக்கும். நடுவில் ஊசித்துளை ஓடும். புகையிலை புகைக்கக் களிமண்ணால் செய்து சுட்ட சுங்கான்களின் தண்டுகள் இவை. ஆம்ஸ்டர்டாம் கால்வாய்ச் சேற்றிலும் வர்ஜீனியாவின் பழைய குடியேற்றங்களிலும் இவை இதே போலக் குவிந்து கிடக்கின்றன. நெடுங்காலம் இவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. கடல்நுரைக் கல்லில் செதுக்கிய சுங்கானும் மரவேரில் கடைந்த சுங்கானும் கண்ணாடிப் பேழைக்குள் போயின. களிமண் துண்டு குப்பைக்குப் போனது. சுங்கானின் வரலாற்றை எழுத வேண்டுமானால் அந்தக் குப்பையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். மலிவாக இருந்ததும், எளிதில் உடைந்ததும், உடைந்தவுடன் தூக்கியெறியப்பட்டதும்தான் களிமண் சுங்கானை வரலாற்றின் நம்பகமான சாட்சி ஆக்கின. எழுத்தில் பெயர் பதியாத மக்களைப் பற்றி அது சொல்லும் அளவுக்கு, அரண்மனைச் சுங்கான் எதுவும் சொல்வதில்லை.

முதலில் களிமண் சுங்கானில் புகையிலை இடும் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். 16-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இங்கிலாந்தில் செய்த சுங்கான்களின் கிண்ணம் மிகச் சிறியது. சுண்டுவிரல் நுனிகூடச் சிரமப்பட்டுத்தான் நுழையும். காரணம் புகையிலையின் விலை. அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த அந்த இலை அன்று செல்வர்களின் பண்டம். முதலாம் ஜேம்ஸ் மன்னருக்குப் புகையிலை அறவே பிடிக்காது. 1604-இல் அதைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். பவுண்டுக்கு 2 பென்ஸ் இருந்த வரியை அதே ஆண்டில் 6 ஷில்லிங் 10 பென்ஸ் ஆக உயர்த்தினார். அதே மன்னர்தான் 1619-இல் சுங்கான் செய்வோருக்குத் தனிச் சங்கமாக இயங்கும் அரச உரிமையையும் வழங்கினார். வெறுப்பு ஒரு பக்கம் இருந்தாலும் கருவூலத்துக்கு வந்த வருவாயை விட மனம் வரவில்லை. இதற்கிடையே 1612 அளவில் ஜான் ரால்ஃப் வர்ஜீனியாவில் புகையிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். விளைச்சல் பெருகப் பெருக, ஷில்லிங் கணக்கில் இருந்த விலை 1630-களுக்குள் பென்னிக் கணக்குக்கு இறங்கியது. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது. வணிகக் கணக்கேடு ஒன்றுகூடக் கையில் இல்லாவிட்டாலும், ஒரு நூற்றாண்டுக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கி வைத்தால் புகையிலை மலிந்த கதை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

செய்முறையும் தன் தடயத்தை ஒவ்வொரு துண்டிலும் விட்டுச் சென்றிருக்கிறது. இரும்புச்சத்து குறைந்த, சுட்டால் வெளுக்கும் களிமண்ணே இதற்கு ஏற்றது. அதை நன்றாகப் பிசைந்து, ஒரு முனை உருண்டையாகவும் மறுமுனை வாலாகவும் உருட்டிச் சற்று உலரவிடுவார்கள். பிறகு மெல்லிய கம்பியை வால் முனையிலிருந்து உள்ளே செலுத்துவார்கள். கம்பி பக்கவாட்டில் வெளியே வந்துவிடாமல் நேராகச் செல்வது விரல் நுனியில் இருக்கும் பழக்கம். கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. கம்பியோடு சேர்த்து இரண்டு பாதிகளாலான உலோக அச்சில் வைத்து அழுத்தி, மேலிருந்து ஒரு குமிழை இறக்கினால் கிண்ணத்தின் குழிவு உருவாகும். கம்பியை இன்னும் சிறிது உள்ளே தள்ளினால் துளை கிண்ணத்தோடு சேரும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் பிதுங்கிய மண்ணைச் சீவி எடுப்பார்கள். நல்ல ரகமானால் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். உலர்ந்த பின் சூளை. இன்று ஒரு துண்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் சீவிய கோடும், மெருகேற்றிய கல்லின் நெடுக்குக் கீறல்களும், கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிய பல்வரிசை போன்ற வேலைப்பாடும் தெரியும். பெயர் தெரியாத ஒரு தொழிலாளி அந்தச் சுங்கானுக்கு எவ்வளவு நேரம் செலவிட்டார், எவ்வளவு அவசரப்பட்டார் என்பதை அந்தக் கீறல்களிலேயே கணித்துவிடலாம்.

இந்தத் தொழிலை நெதர்லாந்துக்குக் கொண்டுபோனவர்கள் இங்கிலாந்திலிருந்து போர்ச்சேவைக்கும் மத அடைக்கலத்துக்கும் சென்றவர்கள். கௌடா நகரில் அது நிலைகொண்டு, 1660-இல் அங்கே சுங்கான் தொழிலாளர்களுக்குத் தனிச் சங்கம் அமைந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு முத்திரை. கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு குதிகாலில் அதைப் பதிப்பார்கள். முத்திரை ஒரு சொத்து. பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், விற்கலாம், வாடகைக்கும் விடலாம். கௌடாவின் பெயர் பரவியபோது பக்கத்து ஊர்க்காரர்கள் அதே முத்திரைகளைப் போலியாகப் பதிக்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்க 1739-40-இல் நகரச் சின்னத்தைக் குதிகாலின் பக்கத்தில் பதிக்கும் உரிமை கௌடாவுக்குக் கிடைத்தது. சாதாரண ரகத்துக்கு அந்தச் சின்னத்தோடு ‘எஸ்’ என்ற எழுத்தும் சேர்ந்தது. சட்டம் எழுதியவர்களின் நோக்கம் வணிகப் பாதுகாப்புதான் என்றாலும், அதன் பயன் பின்னாளில் ஆய்வாளருக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சின்னம் உள்ள துண்டு ஒரு மண்ணடுக்கில் கிடைத்தால், அந்த அடுக்கு 1739-க்கு முந்தியதாக இருக்க முடியாது. போலிகள் இருந்ததால் செய்த ஊரைச் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். காலத்தின் கீழ் எல்லையைச் சொல்வதில் சின்னம் ஏமாற்றுவதில்லை.

முத்திரை இல்லாத வெறும் தண்டுகள் எண்ணிக்கையில் மிக அதிகம். அவற்றைப் பேச வைத்தவர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் அகழாய்வில் பணியாற்றிய ஜே. சி. ஹாரிங்டன். காலம் போகப் போகத் தண்டின் துளை சிறுத்துக்கொண்டே வந்ததை அவர் கவனித்தார். தண்டு நீண்டதால் கம்பியும் மெலிந்திருக்க வேண்டும். துளையிடும் கருவியின் அலகுகளை அளவு வாரியாக எடுத்து, எந்த அலகு துளைக்குள் சரியாகப் பொருந்துகிறது என்று ஒவ்வொரு துண்டிலும் செருகிப் பார்த்தார். அளவு அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு என்ற கணக்கில். காலம் தெரிந்த சுமார் 330 சுங்கான்களைக் கொண்டு 1954-இல் அவர் வெளியிட்ட அட்டவணைப்படி, 1620 முதல் 1650 வரை 8/64 அங்குலத் துளை மிகுதி. 1680-1720 காலத்தில் 6/64. 1750-க்குப் பின் 4/64. அதை 1962-இல் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்ட் ஒரு சூத்திரமாக்கினார். ஓர் இடத்தில் கிடைத்த துண்டுகளின் சராசரித் துளையை, அதே 64-இல் ஒரு பங்குக் கணக்கில், 38.26-ஆல் பெருக்கி 1931.85-இலிருந்து கழித்தால் அந்த இடத்தின் சராசரி ஆண்டு வரும். சராசரி 7 என்றால் விடை 1664.

இதற்கு வந்த மறுப்புகள் லேசானவை அல்ல. துளை பூஜ்யம் ஆகும் ஆண்டு 1931 என்று அதே சூத்திரம் சொல்கிறது; துளையே இல்லாத சுங்கானை யார் புகைப்பது? 1780-க்குப் பின் அது தடுமாறுகிறது. இங்கிலாந்துச் சுங்கான்களை வைத்து வகுத்ததால் டச்சுச் சுங்கான்களுக்குப் பொருந்துவதில்லை. பத்துத் துண்டுகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விடை தாறுமாறாகும். நேர்கோட்டுக்குப் பதிலாக வளைகோடுதான் பொருந்தும் என்று பின்வந்தோர் திருத்தினார்கள். இவை அத்தனையும் உண்மை. ஆனால் இவை சூத்திரத்தின் எல்லையை வரையறுக்கின்றன, அடிப்படையைக் குலைக்கவில்லை. ஒரு கருவி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரிந்துவிட்டால் அதை நம்பிக் கையாளலாம். நூற்றுக்கணக்கில் துண்டுகள் கிடைக்கும் 17-18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குடியேற்றங்களில் இது இன்றும் பயன்படுகிறது. நாணயம் பல தலைமுறை கை மாறும். வெள்ளிக் கிண்ணத்தைப் பேத்திக்குக் கொடுப்பார்கள். களிமண் சுங்கானின் ஆயுள் சில வாரங்களோ மாதங்களோதான். செய்ததும் எறிந்ததும் ஏறக்குறைய ஒரே காலம் என்பதால்தான் அதன் சாட்சியம் துல்லியமாக இருக்கிறது.

அரிக்கமேட்டை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த முறை புதிதாக இராது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது காலத்தை உறுதிப்படுத்த உதவியவை இத்தாலியக் குயவர்களின் முத்திரை பதிந்த உடைந்த கலங்கள்தான். அதே வேலையைச் சுங்கானில் செய்கிறது ‘ஈ.பி.’ என்ற இரண்டெழுத்து. இங்கிலாந்தில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் தொழில் நடத்தி 1665-இல் இறந்த எட்வர்ட் பேர்டின் முத்திரை அது. இன்றைய நியூயார்க் மாநிலத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய ஆரஞ்சுக் கோட்டையிலும், அதைச் சுற்றி வாழ்ந்த பூர்வகுடிகளின் ஊர்களிலும் இந்த முத்திரை கிடைக்கிறது. 1656-இல் மேற்கு ஆஸ்திரேலியக் கரையருகே பாறையில் மோதி மூழ்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ‘வெர்குல்டே டிராக்’ சுமந்து சென்றவற்றிலும் அதே முத்திரை. ஒரே தொழிலாளியின் பட்டறைச் சரக்கு, பூமியின் இரு எதிர்த்திசைகளில், ஒரே தலைமுறைக்குள். 17-ஆம் நூற்றாண்டு வணிகம் எவ்வளவு விரிந்திருந்தது என்பதை இந்த இரண்டெழுத்து விரலால் தொட்டுப் பார்க்கும்படி காட்டுகிறது.

சுங்கான் ஆண்களின் வழக்கம், அது ஒரு பாதி மக்களைப் பற்றித்தானே பேசும் என்று கேட்கலாம். சான்று அப்படிச் சொல்லவில்லை. கௌடாவில் சுங்கானுக்கு மெருகேற்றியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். புகைத்தவர்களிலும் பெண்கள் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்வார் என்ற பண்ணையில், அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பில் கிடைத்த 19-ஆம் நூற்றாண்டுச் சுங்கான் தண்டு ஒன்றை மரபணு ஆய்வுக்கு உட்படுத்தினார்கள். களிமண் நுண்துளை மிகுந்தது. புகைத்தவரின் எச்சிலை அது உறிஞ்சி வைத்திருந்தது. 2019-இல் வெளியான முடிவின்படி அதைப் புகைத்தவர் ஒரு பெண். அவருடைய மரபணு மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் வாழும் மெண்டே மக்களோடு நெருங்கியது. அடிமைகளைச் சொத்துப் பட்டியலில் எழுதி, அவர்களுடைய ஊரையும் இனத்தையும் அழித்த ஒரு சமூகத்தில், அந்தப் பெண்ணின் வேர் எங்கே என்பதை ஏட்டுக்குப் பதிலாக உடைந்த தண்டு சொன்னது. சுங்கான் துண்டுகளைப் பற்றி எனக்கு இருக்கும் மதிப்புக்கு இந்த ஒரு சான்றே போதும்.

கூடிவாழும் வழக்கங்களுக்கும் அது சாட்சி. அயர்லாந்தில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் இரவெல்லாம் ஊர் கூடி விழித்திருக்கும். வருகிறவர்களுக்குத் தட்டில் களிமண் சுங்கான்களும் புகையிலையும் வைப்பார்கள். எடுக்கிறவர் இறந்தவருக்காக இறைவனின் இரக்கத்தை வேண்டிவிட்டுத்தான் பற்ற வைப்பார். இந்தத் தேவைக்காக டஜன் கணக்கில் சுங்கான் செய்த ஊர்களில் ஒன்று ரோஸ்காமன் மாவட்டத்தின் நாக்ராக்கரி. அயர்லாந்து விடுதலைப் போரின் நடுவே 1921 ஜூனில் பிரிட்டிஷ் அரசின் ‘பிளாக் அண்ட் டான்ஸ்’ படையினர் அந்த ஊருக்குத் தீ வைத்தார்கள். வீடுகளோடு பட்டறைகளும் எரிந்தன. தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில் அதோடு முடிந்தது. மற்ற ஊர்களில் மரச்சுங்கானும் சிகரெட்டும் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு செய்ததை, நாக்ராக்கரியில் நெருப்பு ஒரே இரவில் செய்தது.

கடைசியாக ஒரு மறுப்பு; மிகவும் நியாயமானது. மனிதரைக் கொல்லும் ஒரு பழக்கத்தின் கருவியை இப்படிக் கொண்டாடலாமா? கொண்டாடக் கூடாது என்பதற்கும் களிமண் சுங்கானே சான்று தருகிறது. லண்டனிலும் நெதர்லாந்திலும் தோண்டிய பழைய இடுகாடுகளில், மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் சேருமிடத்தில் வட்டமான தேய்வோடு பல எலும்புக்கூடுகள் கிடைத்துள்ளன. வேலைக்கு நடுவே சுங்கானைப் பல்லிடுக்கிலேயே கவ்வியிருந்தவர்களின் வாய் அது. மலிவான புகையிலைக்குப் பின்னால் அடிமை உழைப்பு இருந்ததை பெல்வார் தண்டு மறைக்கவில்லை. தீங்கான பொருளின் வரலாற்றை எழுதாமல் விடுவதால் தீங்கு குறைவதில்லை. அதன் விலையை யார் உடலால் கொடுத்தார்கள் என்பது மட்டும் மறைந்துபோகும்.

ஆகவே பழைய சுங்கான்களைச் சேகரிப்போரிடம் கேட்பதற்கு ஒன்று உண்டு. முழுமையான, அழகான சுங்கானைத் தேடி, மீதித் துண்டுகளை ஒதுக்குவது வரலாற்றுக்கு இழப்பு. எங்கே, எந்த அடுக்கில், எதனோடு கிடைத்தது என்ற குறிப்பு இல்லாமல் பெட்டிக்குள் போன துண்டு அதைவிடப் பெரிய இழப்பு. தேம்ஸ் கரையில் தேடுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றும், 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதி இருப்பது இதனால்தான். அது ஆர்வலருக்குத் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் ஹாரிங்டனின் அட்டவணையும், பேர்டின் கடல்வழியும், பெல்வார் பெண்ணின் வேரும் நமக்குக் கிடைத்தது, ஒவ்வொரு துண்டும் கிடைத்த இடத்தை யாரோ பொறுமையாகக் குறித்து வைத்ததால்தான். துண்டை எடுப்பவர் இடத்தையும் எழுதி வைக்க வேண்டும். அந்த ஒரு வரிக் குறிப்புதான் சேகரிப்பை வரலாறாக மாற்றுகிறது.