கணனியில் உறங்கிய அலையம்

ஒத்த இரு பகுதிகள் மாறிமாறித் தொழிற்படும் அலையச் சுற்றினைப் பிரான்சிய அறிஞராகிய ஏபிரகாமும் புளொக்கும் 1919ஆம் ஆண்டில் விவரித்தனர். மின்னூட்டிய மாத்திரத்தே அது தானே இயங்கத் தொடங்கும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தில், பேராசிரியர் பீடர்சனின் மாணவராகிய நேகல் ஆக்கிய 'ஸ்பைஸ்' என்னும் கணனி நிரல் 1973இல் வெளிவந்தது. மின்சுற்றுகளின் நடத்தையைக் கணித்தறியும் இந்நிரலில் அத்தகைய அலையத்தை இட்டோர், அது அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு மயங்குதல் உண்டு.

நிரலின் கணக்கிற் பிழையில்லை. அது முதலில் நேரோட்டச் சமநிலையைத் தேடும். இரு பகுதிகளும் முற்றும் ஒத்திருப்பின், நுனியில் நிறுத்திய கோல் போன்றதொரு சமநிலையே விடையாகும். அதனைக் குலைப்பதற்கு அங்கு யாதுமில்லை. மெய்ச்சுற்றிலோ இரு பகுதிகள் முற்றும் ஒத்தல் இல்லை. 1928இல் ஜோன்சன் அளந்து வெளியிட, நைக்குவிஸ்ற் விளக்கிய வெப்ப இரைச்சலும் ஆண்டு ஓயாது. நிரலின் வழக்கமான நேரவழிக் கணிப்பில் அவ்விரைச்சல் சேர்வதில்லை.

ஆதலின், ஓரிடத்துக்குத் தொடக்க மின்னழுத்தம் ஒன்றைக் குறித்தலோ, ஒரு பகுதியின் பெறுமானத்தைச் சிறிது மாற்றி மின்வழங்கலைப் பூச்சியத்திலிருந்து உயர்த்துதலோ தீர்வாகும். குறையென ஒதுக்கப்படும் சிறு வேறுபாடே இயக்கத்துக்கு வித்தாதலை இவ்வரலாறு உணர்த்துகின்றது.