அனிமோன் இல்லாமல் ‘நீமோ’ வளருமா?

கடல் மீன் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் கண் முதலில் நிற்பது அந்த ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை மீனிடம்தான். 2003-இல் ‘ஃபைண்டிங் நீமோ’ படம் வந்த பிறகு கோமாளி மீன் என்ற பெயரே பலருக்கு மறந்துவிட்டது. எல்லாருக்கும் அது நீமோ. செபராங் ஜெயாவில் உங்கள் வீட்டு வரவேற்பறையில் சின்னதாக ஒரு கடல்நீர் தொட்டி வைத்து, அதில் இரண்டு நீமோ விடலாம் என்று ஆசைப்படுகிறீர்களா? அப்படியென்றால் வரப்போகும் முதல் கேள்வி இதுதான்: அது குடியிருக்க, கடல் சாமந்தி என்று தமிழில் சொல்லப்படும் அனிமோனையும் சேர்த்து வாங்க வேண்டுமா?

வேண்டாம். முதல் தொட்டி என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

கடலில் மட்டும் ஏன் பிரியாமல் இருக்கிறது?

பயம்தான் காரணம். நம் கடைகளில் அதிகம் பார்க்கும் ஒசெல்லாரிஸ் வகை, முழுதாக வளர்ந்தாலும் 8, 9 சென்டிமீட்டர்தான். வேகமாக நீந்தத் தெரியாது. பவளப்பாறையில் அதை விழுங்கக் காத்திருக்கும் மீன்கள் ஏராளம். அனிமோனின் கைகளில் கொட்டும் செல்கள் இருப்பதால் மற்ற மீன்கள் கிட்டே வராது. கோமாளி மீனின் உடம்பை மூடியிருக்கும் சளிப்படலம் அதை மட்டும் கொட்டாமல் காப்பாற்றுகிறது. பதிலுக்கு, மீனின் கழிவு அனிமோனுக்குள் வாழும் பாசிக்கு உரமாகிறது. கெடா கடலில் உள்ள பாயார் தீவுக்கு ஸ்நோர்க்கலிங் போனவர்கள் இந்தக் கூட்டுக் குடித்தனத்தை நேரிலேயே பார்த்திருப்பீர்கள். அது கடல் பூங்கா, அங்கிருந்து எதையும் பிடித்து வர அனுமதியில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

உங்கள் கண்ணாடித் தொட்டியில் விழுங்க வரும் மீன் எதுவும் இல்லை. அதனால் கோட்டையும் தேவையில்லை.

இதற்கு நல்ல சாட்சி தமிழ்நாட்டில் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையில் வேலை செய்த இடங்களில் ஒன்று. கடலில் இந்த மீன் அனிமோனின் அடியில் உள்ள பாறையில் முட்டையிடும். பண்ணைகளில் ஒரு ஓடோ மண்சட்டியோ வைத்தால் போதும், அதைச் சுத்தம் செய்து அதிலேயே முட்டை வைக்கும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு குஞ்சு பொரியும். ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரிகளைத் தின்று வளர்ந்து, சில வாரத்தில் பட்டை போட ஆரம்பிக்கும். இப்படி வளர்ந்து கடைக்கு வரும் மீன் வாழ்நாளில் அனிமோனைப் பார்த்ததே இல்லை. பார்க்காததற்கு அது ஏங்கப் போவதும் இல்லை.

அனிமோனை வாங்கினால்தான் என்ன?

செத்துப் போகும். புதுத் தொட்டியில் பெரும்பாலும் இதுதான் கதை. கடலில் பல பத்தாண்டு வாழக்கூடிய உயிர் அது. அதற்குப் பலமான விளக்கு வேண்டும், குறைந்தது ஆறு மாதமாவது ஓடி நிலைப்பட்ட தண்ணீர் வேண்டும். பிடிக்காவிட்டால் இடம் மாறும்; நகர்ந்து போய் பம்பில் சிக்கிக் கிழியும். அழுகிய அனிமோன் ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்து, மீனையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கடையில் பளீரென்று வெள்ளையாக இருக்கும் அனிமோன் அழகாகத் தெரியும்; உண்மையில் அது உள்ளே இருந்த பாசியை இழந்து பட்டினி கிடக்கிறது. இன்னொன்று, கடையில் இருக்கும் அனிமோன்களில் பெரும்பாலானவை பவளப்பாறையிலிருந்து பிடுங்கப்பட்டவை. உங்கள் தொட்டியில் இரண்டு வாரம் இருக்க, அங்கே ஒரு வீடு காலியாகிறது.

சரி, அப்போ எதில் கவனம் வைக்கணும்?

தண்ணீரில். பக்கத்திலேயே பட்டர்வொர்த் கடல் இருக்கிறதே, ஒரு தோம்பு மொண்டு வரலாமே என்று தோன்றும். வேண்டாம். ஆறு, துறைமுகம், தொழிற்பேட்டை எல்லாம் சேரும் கலங்கிய நீர் அது. மழை பெய்தால் உப்பின் அளவும் மாறிவிடும். கடையில் கிடைக்கும் கடல்நீர் உப்பை வாங்கி நீங்களே கரைப்பதுதான் சரி. லிட்டருக்குச் சுமார் 35 கிராம்; 80 லிட்டர் தொட்டிக்கு 2.8 கிலோ. சமையல் உப்பு ஆகாது. கரைத்த பிறகு அடர்த்தி 1.023-க்கும் 1.026-க்கும் இடையில் இருக்க வேண்டும். இதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவிடுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. தாமானில் காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் அது ஆர்.ஓ.வா வெறும் வடிகட்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தயார் என்றால் மீன் வாங்கலாமா? இங்கேதான் அதிகமான நீமோக்கள் சாகின்றன. மீனின் கழிவும் மிச்ச உணவும் அமோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது ஓரளவு பரவாயில்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு இல்லை. பாறையும் மணலும் போட்டு, மீனே இல்லாத தொட்டியில் கொஞ்சம் மீன் உணவு போட்டு அழுகவிட்டால், நான்கிலிருந்து ஆறு வாரத்தில் அவை பெருகும். சோதனைக் கருவியில் அமோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். வெறும் தண்ணீரை ஒரு மாதம் பார்த்துக்கொண்டு உட்கார்வது போரடிக்கும்தான். “இன்னைக்கே மீன் விடலாம்” என்று கடைக்காரர் சொன்னாலும், கருவி சொல்வதை நம்புங்கள்.

நம்ம ஊர் வெயில்?

வெளிநாட்டு வழிகாட்டிகள் ஹீட்டர் வாங்கச் சொல்லும். இங்கே பிரச்சினை தலைகீழ். பகலில் 32 டிகிரி, மேலே விளக்குச் சூடு, உள்ளே பம்புச் சூடு. ஒசெல்லாரிஸ் நம் பக்கத்துக் கடல் மீன்தான், 28 டிகிரி அதற்குப் பழக்கம். 30-ஐத் தாண்டும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மேலே வந்து மூச்சு வாங்கும். சில்லர் வாங்கினால் தொட்டி விலையைத் தாண்டிவிடும். தண்ணீர் மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். எனவே தினமும் குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், உப்பு நீரால் அல்ல. இரவில் மட்டும் ஏர்கான் போடும் படுக்கையறையில் தொட்டி வேண்டாம். தினமும் ஏறி இறங்கும் வெப்பநிலை மீனைத் தளர்த்திவிடும்.

எத்தனை மீன்?

80 லிட்டருக்கு இரண்டு போதும். குட்டிகளாக, ஒன்று கொஞ்சம் பெரிதாகப் பார்த்து வாங்குங்கள். ஆண், பெண் என்று தேட வேண்டியதில்லை. பெரியது பெண்ணாகும், மற்றது ஆணாக நிற்கும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும் (படத்தை எடுத்தவர்கள் அறிவியலைப் பின்பற்றியிருந்தால் நீமோவின் அப்பா அம்மாவாகியிருப்பார்!). மூன்றாவதை விட்டால் அதை மற்ற இரண்டும் துரத்தியே கொன்றுவிடும். பண்ணையில் பொரித்த மீனா, கடலில் பிடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். உடம்பில் வெள்ளையாகச் சளி படிந்திருந்தாலோ, செவுள் வேகமாக அடித்தாலோ அந்தத் தொட்டி மீனே வேண்டாம். உங்கள் முன்னால் உணவு போடச் சொல்லி, அது தின்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அது ஒரு மூலையையோ, பம்பையோ, ஒரு பாறைப் பிளவையோ தன் இடமாக எடுத்துக்கொள்ளும். ராத்திரி மேற்பரப்புக்கு அருகில் சாய்ந்தபடி மிதக்கும். செத்துவிட்டதோ என்று பதறி விளக்கைப் போட வேண்டாம், தூங்குகிறது.