அம்மாவின் கசற்றும் ஒரு பொத்தானும்

1993ஆம் ஆண்டு. பலெர்மோவில், போர்கோ வெக்கியோவில் ஒரு அறைக்குள் நாலு பெடியளாக இருந்தோம். பகலில் வீடு துடைக்கிற வேலை, இரவில் பாட்டு. வேலை செய்த வீடொன்றில் வேண்டாமென்று தந்த போட்டாஸ்ரூடியோ ஒன்று எங்களிடம் இருந்தது. ஒரே கசற்றில் நாலு தடங்களைத் தனித்தனியாகப் பதிகிற பெட்டி. ஜப்பானின் ரியாக் நிறுவனம் 1979இல் முதன்முதலாக வெளியிட்ட சாமான். அதற்கு முன் இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஸ்ரூடியோவுக்குத்தான் போகவேண்டும்.

சந்தைக்காரரின் கூவலும் மோட்டார் சைக்கிள்களும் அடங்கிய பிறகு, நடுச்சாமத்தில்தான் பதிவு. யன்னலைக் கம்பளியால் மூடுவோம். வெளிச்சத்தம் நின்றாலும் ஒரு சத்தம் மட்டும் நிற்காது. "ஸ்ஸ்ஸ்..."

அது நாடாவின் சத்தம். நாடாவில் பூசிய காந்தத் துகள்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பதால் வருவது. தடம் ஒடுங்க ஒடுங்க, நாடா மெதுவாக ஓட ஓட, இரைச்சல் கூடும். கசற் நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றர்கூட இல்லை, அதற்குள் நாலு தடம்! அதனால்தான் முதல் போட்டாஸ்ரூடியோவை வழக்கமான வேகத்தைப்போல் இரண்டு மடங்கில், செக்கனுக்கு 9.5 சென்ரிமீற்றர் ஓடவிட்டார்கள்.

எங்களுக்கு நாலு தடமும் காணாது. தாளம், ஆர்மோனியம், கிற்றார் மூன்றையும் நாலாவது தடத்தில் சேர்த்துவிட்டு, முதல் மூன்றையும் அழித்துக் குரல்களைப் பதிவோம். ஒவ்வொரு தரம் மாற்றும்போதும் பழைய இரைச்சலோடு புதிய இரைச்சலும் சேரும். அடிபட்டுத்தான் படித்தோம்: மைக்குக்குக் கிட்ட நின்று பாடவேண்டும், முள்ளு சிவப்பைத் தொடுமளவுக்குப் பலமாகப் பதியவேண்டும், குரலைக் கடைசியாகப் பதியவேண்டும், ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும்.

இந்த இரைச்சலுக்கு வழி கண்ட ரே டொல்பி என்ற அமெரிக்கர், 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில், சண்டிகாரில் இருந்தவர். அங்கே இந்திய இசையை நாடாவில் பதிந்தபோதும் இந்த இரைச்சல் அவரை விடவில்லை. 1965இல் லண்டனில் நிறுவனம் தொடங்கினார். அவருடைய கருவியை அடுத்த ஆண்டே டெக்கா இசைத்தட்டு நிறுவனம் பாவித்தது. வீட்டுப் பாவனைக்கான 'டொல்பி பி' 1968இல் வந்தது. கணக்கு இலகுவானது. பதியும்போது மெல்லிய கீச்சு ஒலிகளை உயர்த்திப் பதிவது, கேட்கும்போது அதே அளவு தாழ்த்துவது. பாட்டு பழைய அளவுக்கு வரும், இடையில் சேர்ந்த இரைச்சல் மட்டும் தாழும். இரண்டு பக்கமும் ஒரே கணக்கு இருக்கவேண்டும். அதுதான் முக்கியம்.

அதைத்தான் நான் மறந்தேன்.

அந்த வருசம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கசற் வந்தது. அங்கே அப்போது மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. தம்பி சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் றெக்கோடர் ஓட, அம்மா கதைத்திருந்தா. ஒரே இரைச்சல். வேறொரு டெக்கில் டொல்பி பொத்தானை அமத்திப் பிரதி எடுத்தேன். இரைச்சல் போய்விட்டது! "சுத்தமாக்கிப் போட்டன்" என்று பெடியளிடம் பெருமையடித்தேன். பிறகு எல்லாரும் அந்த நாளில் செய்கிறமாதிரி, அதே கசற்றின்மேல் என் பதிலைப் பதிந்து ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து ஹெட்போனில் கேட்டபோதுதான் விளங்கியது. அம்மாவின் றெக்கோடரில் டொல்பி இல்லை. உயர்த்தாததை நான் தாழ்த்தியிருக்கிறேன். "ராசா" என்று அவ கூப்பிடுகிறதில் 'சா' மழுங்கிப்போயிருந்தது. பின்னால் தம்பி சுற்றிய சங்கிலியின் கிர்ர் சத்தமும் இல்லை. தாழ்ந்தவை பிரதிக் கசற்றின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டன. பிற்காலத்தில் கொம்பியூட்டரில் போட்டும் பார்த்தேன். கீச்சைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது, அம்மா வரவில்லை.

அம்மா 2004இல் போய்விட்டா.

உங்கள் வீட்டிலும் பழைய கசற்றுகள் கிடக்கும். எப்படிப் பதிந்ததென்று தெரியாவிட்டால் ஒரு பொத்தானும் அமத்தாமல், இரைச்சலோடு அப்படியே முதலில் பிரதி எடுங்கள். கழுவுகிறதென்றால் இன்னொரு பிரதியில் கழுவுங்கள். மூலக் கசற்றின்மேல் மட்டும் எதையும் பதியாதீர்கள்.