சான் த்ரோபே துறையில் ஒரு நாகப்பட்டினப் பாடம்



கடந்த பள்ளி விடுமுறையின்போது பிரான்சு நாட்டில் வாழும் என் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு சான் த்ரோபேயைப் பார்க்காமல் போகலாமா, அண்ணா?" என்று அவள் வற்புறுத்தினாள். திரை நட்சத்திரங்களும் கோடீசுவரர்களும் உலவும் ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு என்ன வேலை என்று எண்ணினேன். போய்வந்த பின்னர், அங்கு எனக்கு ஒரு பாடம் காத்திருந்ததை உணர்ந்தேன். அதனையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

சான் த்ரோபே, மத்தியதரைக் கடலோரத்தில் அமைந்த சிற்றூர். தொடர்வண்டி நிலையம் அங்கு இல்லை. சான் ரஃபயேல் நகரில் இறங்கிப் பேருந்திலோ படகிலோதான் செல்ல வேண்டும். நிலையாக வாழ்வோர் ஐயாயிரம் பேருக்கும் குறைவே. கோடையிலோ சாலை கொள்ளாத கூட்டம்! ஒரு வீட்டின் உயரம் இருக்கும் உல்லாசப் படகுகள் துறையில் வரிசையாக நிற்கின்றன. கரையோரக் கடையில் ஒரு குவளைக் காப்பிக்குக் கொடுத்த பணத்தை ரிங்கிட்டில் கணக்கிட்டுப் பார்த்து, மறுகுவளை வேண்டாமென முடிவு செய்தேன்.

இந்தப் பகட்டுக்கு வயது அதிகமில்லை. 1892-இல் போல் சின்யாக் என்னும் ஓவியர் தம் பாய்மரப் படகில் இங்கு வந்து, ஊரின் ஒளியில் மனம் பறிகொடுத்துத் தங்கினார். அவரைத் தொடர்ந்து மத்தீஸ் முதலிய ஓவியர்கள் வந்தனர். 1944 ஆகஸ்டில் நேசநாட்டுப் படைகள் இக்கடற்கரைப் பகுதியில் இறங்கியபோது, பின்வாங்கிய செருமானியர் துறைமுகத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். ஊரார் அதனைப் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டினர். பின்னர் 1956-இல், இங்கே படமாக்கப்பட்ட ஒரு திரைப்படத்தின் வாயிலாக நடிகை பிரிஜித் பார்தோ உலகப் புகழ் பெற்றார். ஊரும் அவருடன் சேர்ந்து புகழடைந்தது.

அதற்கு முன்னர் இது உழைக்கும் கடலோடிகளின் ஊர். பாழடைந்து கிடந்த இவ்விடத்தில் 1470-இல் செனோவா நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறின. ஊரைத் தாமே காத்துக்கொள்வதாக அவர்கள் உறுதியளித்தனர். அதற்கு ஈடாக அவர்களுக்கு வரிவிலக்கு வழங்கப்பட்டது. 1637-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் தாக்க வந்த எசுப்பானியக் கப்பல்களை ஊர்மக்களே விரட்டியடித்தனர். அந்நாளை இன்றளவும் விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

இவற்றையெல்லாம் தங்கையின் கணவர் விளக்கிக்கொண்டு வந்தார். துறைமுகக் கரையில் ஒரு வெண்கலச் சிலையின் அருகே வந்ததும் நின்றார். "இவர் பெயரில் புதுச்சேரியில் ஒரு வீதி இருக்கிறது, மச்சான்" என்றார். அவர் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர்.

அது கடற்படைத் தளபதி சுஃப்ரேன் (1729–1788) அவர்களின் சிலை. அவருடைய குடும்பத்தினர் சான் த்ரோபேயின் பிரபுக்களாக விளங்கியவர்கள். அவர் பெரும்புகழ் ஈட்டியதோ பிரான்சுக் கரையில் அன்று. நம் முன்னோர் வாழ்ந்த சோழமண்டலக் கரையில்!

1782, 1783 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஆங்கிலேயத் தளபதி எட்வர்டு ஹியூசுடன் அவர் ஐந்து கடற்போர்கள் புரிந்தார். முதலாவது, பிப்ரவரி 17-இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் நடந்தது. இரண்டாவது, ஏப்ரல் 12-இல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அருகில். மூன்றாவது, சூலை 6-இல் நாகப்பட்டினத்துக்கு எதிரே. ஆகஸ்டு இறுதியில் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய சுஃப்ரேன், செப்டம்பர் 3-இல் அங்கேயே நான்காம் போரை நிகழ்த்தினார். மைசூரின் ஐதர் அலி அப்பொழுது பிரெஞ்சியரின் கூட்டாளி. சூலைத் திங்களில் கடலூருக்கு அருகே இருவரும் நேரில் சந்தித்தனர்.

ஐந்தாம் போர் 1783 சூன் 20-இல் கடலூருக்கு அப்பால் நடந்தது. ஹியூசிடம் பதினெட்டுப் போர்க்கப்பல்கள், சுஃப்ரேனிடம் பதினைந்து. தம் கப்பல்களில் ஆள் பற்றாததால் தரைப்படையிலிருந்து வீரர்களை ஏற்றிக்கொண்டார். அவர்களுள் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. அவ்வாண்டு சனவரி 20-ஆம் நாளே ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதான உடன்படிக்கை கையொப்பமாகிவிட்டது! அச்செய்தி கப்பலேறிக் கடலூர்க் கரையை எட்டியபோது சூன் முடியும் தறுவாய். ஓய்ந்துவிட்ட போருக்காக அன்று கடலூர்க் கடலில் மனிதர்கள் மாண்டனர்.

கரையில் வாழ்ந்த மக்களின் நிலை இன்னும் கொடியது. 1780 முதல் நடந்த போரில் கருநாடகச் சீமையின் வயல்கள் அழிந்தன. பஞ்சம் தலைவிரித்தாடியது. இரு தளபதியரின் கப்பல்களையும் பீரங்கிகளையும் எண்ணிக் குறித்த ஏடுகள் உள்ளன. பட்டினியால் இறந்தோருக்கு அத்தகைய பட்டியலை யார் எழுதி வைத்தார்கள்?

இவ்வரலாற்றின் ஓர் இழை நம் நாட்டையும் தொடுகிறது. சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு ஒதுங்கத்தக்க நல்ல துறைமுகம் கிடையாது. 1782-இன் இறுதியில் ஹியூசின் கப்பல்கள் பம்பாய் வரை செல்ல வேண்டியிருந்தது. சுஃப்ரேனோ மலாக்கா நீரிணையின் வாயிலில் உள்ள அச்சேவில் தங்கிவிட்டு, எதிரிக்கு முன்னதாகவே சோழமண்டலக் கரைக்குத் திரும்பிவிட்டார். வங்காள விரிகுடாவின் கிழக்கே தமக்கொரு துறைமுகம் வேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலேயரிடம் முன்னரே இருந்தது. இப்போர் அதனை மேலும் வலுப்படுத்தியது. 1786-இல் பிரான்சிசு லைட் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். அந்த ஆண்டை எத்தனை முறை வெண்பலகையில் எழுதியிருப்பேன்! அதற்குப் பின்னால் நாகப்பட்டினத்துப் பீரங்கி ஒலியும் உண்டு என்று ஒருமுறையேனும் மாணவர்களுக்குச் சொன்னதில்லை.

பிற்பகலில் ஊருக்குள் நடந்தபோது 'பான் தேய்' என்ற பெயர் தாங்கிய மாளிகையைக் கண்டோம். பின்னாளில் அது சொகுசு விடுதியாக மாறியது. இவ்வூரில் பிறந்த தளபதி அலார், பஞ்சாபின் மகாராசா ரஞ்சித் சிங்கிடம் பணிபுரிந்தவர். இமயமலை அடிவாரத்துச் சம்பா நாட்டைச் சேர்ந்த பன்னு பான் தேய் என்னும் பெண்ணை மணந்தவர். 1835-இல் மனைவி மக்களை இங்கே அழைத்து வந்து குடியமர்த்திவிட்டுத் தாம் மட்டும் லாகூர் திரும்பினார். 1839-இல் பெஷாவரில் மறைந்தார். அந்த அம்மையார் 1884-இல் இறக்கும் வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள் இவ்வூரில் கைம்பெண்ணாக வாழ்ந்தார். தாய்மொழியில் பேச அவருக்கு இங்கு எத்தனை பேர் இருந்திருப்பர்? என் தங்கை அம்மாளிகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் மீண்டும் சிலையருகே அமர்ந்தோம். எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. அவர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். கரை கண்ணைவிட்டு மறையும்வரை மேல்தட்டில் நின்றதாக அடிக்கடி சொல்வார். சுஃப்ரேனின் கப்பல்கள் போரிட்ட அதே கடல்தான் அது. தளபதிக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. தாத்தா கடல்கடந்த கதைக்கோ என் நினைவைத் தவிர வேறு சான்றில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இவற்றைச் சொன்னேன். உலகப் படத்தில் சான் த்ரோபேயிலிருந்து நன்னம்பிக்கை முனை வழியாக நாகப்பட்டினம் வரை கோடு வரைந்தோம். அங்கிருந்து பினாங்குக்கு மற்றொரு கோடு. அப்பொழுது ஒரு மாணவி எழுந்து, "அந்தக் கப்பலில் ஏறிய சிப்பாய்களின் பெயர் என்ன, ஐயா?" என்று கேட்டாள்.

என்னால் விடை கூற இயலவில்லை. சற்றுப் பொறுத்து அன்றைய வீட்டுப் பாடத்தைச் சொன்னேன்: "உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். நம் குடும்பத்தில் முதன்முதலில் இந்நாட்டுக்கு வந்தவரின் பெயர் என்ன? எந்தத் துறையில் கப்பலேறினார்? எழுதி வாருங்கள்."

மறுநாள் இருபத்தாறு பேரில் ஒன்பது பேர் மட்டுமே பெயருடன் வந்தனர். மற்றவர்களின் வீடுகளில் சொல்வதற்கு ஆளில்லை. அன்பர்களே, உங்கள் இல்லத்தில் கேட்பதற்கு இன்னும் ஒருவர் இருப்பாராயின், இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.